தவளையின் வால்

ரேடியோ என்று கூப்பிட்டால்தான் விமானங்களை நிறுத்தி வைக்கிற அந்த ஹேங்கரில் அவன் திரும்பிப் பார்ப்பான். புது விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் எஞ்சினீயர் அவன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது, இருந்து என்ன பிரயோஜனம்? அப்படியொரு ஓயாத வாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஏணியில் ஏறும்போது பேசுவான், சாப்பிடும்போது பேசுவான், பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதும் பேசினான் என்பார்கள். அவனுடைய அக்காவைக் கேட்டால், பிறந்தபோது இவன் அழவே இல்லை, நர்ஸைப் பற்றிப் புகார் சொன்னான் என்று சத்தியம் செய்வாள்.

நாலைந்து வருடமாக அவன் உயிரைக் கொடுத்து உழைத்ததெல்லாம் ஒரே ஒரு விமானத்துக்காக. இரண்டு எஞ்சின், உடம்புக்கு மேலே தூக்கி வைத்த அகலமான இறக்கை, பானை வயிறு, மடங்காத தடித்த சக்கரக் கால்கள். லட்சணம் என்று வாய் தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரோடு போகாத இடத்துக்கு நோயாளியையும் மருந்துப் பெட்டியையும் மாவு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டிக்கு லட்சணம் எதற்கு? பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும், கொஞ்ச தூரம் ஓடி எம்பி ஏறிவிட வேண்டும். அது எம்புகிற விதத்தைப் பார்த்து மெக்கானிக்குகள் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை வரைந்து உருவாக்கிய தலைமை வடிவமைப்பாளரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே கூட்டங்களில் "நம்ம தவளை" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

தவளையை ஓட்டியவர் ரேடியோவின் அத்தான், அதாவது அக்காவின் கணவர். கம்பெனியின் தலைமைச் சோதனை பைலட் அவர்தான். அந்தக் கல்யாணமே ரேடியோ முடித்து வைத்ததுதான், அதையும் பேசிப் பேசியே. மாப்பிள்ளையிடம் அக்காவைப் பற்றி ஆறு மாதம் அளந்தான், அக்காவிடம் மாப்பிள்ளையைப் பற்றி ஆறு மாதம் அளந்தான், கடைசியில் இவன் வாயை அடைப்பதற்காகவே ரெண்டு பேரும் சம்மதித்தார்கள் என்று அத்தான் கேலி செய்வார். அத்தானுக்கு இவன் மேல் கொள்ளைப் பிரியம். மாப்ள, மாப்ள என்று தோளில் கை போட்டுக்கொண்டு போவார்.

இப்போது தவளையின் தொல்லை என்னவென்று சொல்லிவிட வேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் இருக்கிறதல்லவா? ஓட்டத்தில் இடது எஞ்சின் நின்றுபோனால், வலது எஞ்சின் தன் போக்கில் தள்ளிக்கொண்டே போகும், மூக்கு இடப்பக்கம் வெட்டி இழுக்கும். அதை நேராக்குவது பின்னால் வாலில் நிமிர்ந்து நிற்கிற சுக்கான். பைலட் காலால் மிதித்தால் அது திரும்பும். ஆனால் சுக்கானுக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு வேகம் வேண்டும். தவளையோ மெதுவான வேகத்திலேயே எழும்பப் பிறந்த ஜென்மம். அப்படியானால் எந்த வேகம் வரைக்கும் குறைத்தாலும் பைலட் நேராகப் பிடித்துவிட முடியும்? அந்த ஒரு எண்ணை நம்பித்தான் தவளையின் பிழைப்பே. எண் சின்னதாக இருந்தால் சின்ன நிலத்தில் எழும்பலாம், ஆர்டர் குவியும். பெரிதானால் இதுவும் பத்தோடு பதினொன்றாக இன்னொரு விமானம், அவ்வளவுதான்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் அத்தானும் மச்சினனுமாகச் செய்தார்கள். ஓடுபாதை நடுவில் வெள்ளைக் கோடு. தவளை அதன் மேல் ஓடும். இடது இருக்கையில் அத்தான், வலது இருக்கையில் ரேடியோ. குறித்த வேகம் வந்ததும் ரேடியோ ஒரு எஞ்சினின் லீவரை இழுத்து அடைத்துவிடுவான். அத்தான் மிதித்து நேராக்குவார். பிறகு தரை ஆட்கள் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி, சக்கரம் கோட்டை விட்டு எவ்வளவு விலகியது என்று அளப்பார்கள். அதிக வேகத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எப்போது இழுக்கப் போகிறான், எந்தப் பக்கம் என்று பைலட்டுக்குத் தெரியவே கூடாது. அதனால் ரேடியோ பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவான், அத்தான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வருவார்.

அத்தானுடைய கால் இருக்கிறதே, அதைப் பற்றி ஹேங்கரே பேசியது. எவ்வளவு குறைத்தாலும் சக்கரம் கோட்டை விட்டு நகர மறுத்தது. டேப் பிடித்தவர்கள் "சார், இது அளக்குற அளவே இல்ல" என்று சிரித்தார்கள். கணக்கில் வந்ததைவிடச் சின்ன எண்ணாகவே கிடைத்துவிட்டது. மேடம் பூரித்துப்போய் அந்த எண்ணை ஒரு மருத்துவ உதவி அமைப்புக்கு வாக்காகக் கொடுத்தார். அவர்களும் வருவதாகச் சொன்னார்கள், பார்ப்பதற்கு, பிடித்தால் அங்கேயே முடிவு செய்வதற்கு.

அவர்கள் வருவதற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை. ரேடியோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். அத்தான் சாப்பிட்டபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் கடைசியாக ஒரு பொரித்த மீன் துண்டு. ரேடியோ யாரையோ பற்றிக் கதை அளந்துகொண்டே அதன் மேல் கண் வைத்தான். கையை நீட்டலாம் என்று நினைத்தானோ இல்லையோ, அத்தான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

"எப்படி அத்தான்? இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லையே?"

"தெரியலடா மாப்ள. கை தானா போச்சு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல என்ன அதிசயம்? இவன் ஏதாவது திருட்டுத்தனம் பண்ணப் போறான்னா முன்னாடியே வாய் நின்னுடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். வீட்டுல சத்தமே இல்லன்னா அம்மா கரண்டியோட ஓடி வருவாங்க. இத்தனை வருஷத்துல உங்களுக்கும் பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

அத்தான் சிரித்தார். ரேடியோவும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவனுக்கு ஓடுபாதை ஞாபகம் வந்தது.

லீவரை இழுக்கும்போது அவன் பேசிக்கொண்டிருந்த ஒரு தடவையாவது உண்டா? யோசித்துப் பார்த்தான். முள் குறித்த வேகத்தைத் தொடுவதை உற்றுப் பார்ப்பான், மூச்சைப் பிடிப்பான், இழுப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எவன் பேசுவான்? ஒவ்வொரு தடவையும் வாய் நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அத்தானுடைய கால், அவருக்கே தெரியாமல், தட்டைத் தூக்கி வைத்த கையைப் போல முந்திக்கொண்டிருக்கிறது. அந்த எண் பொய். தவளையின் எண் அல்ல அது, ஒரே வீட்டில் சாப்பிடுகிற ரெண்டு பேரின் எண். நாளைக்கு எங்கேயோ ஒரு துண்டு நிலத்தில், நோயாளியை ஏற்றிக்கொண்டு யாரோ ஒரு பைலட் அதே வேகத்தில் எழும்பும்போது எஞ்சின் நின்றால், அவனுக்கு முன்கூட்டி ஜாடை காட்ட யார் இருக்கிறார்கள்?

அங்கேயே சொல்லியிருக்கலாம். அத்தான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பாவி, ஊர்க் கதையெல்லாம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. உங்க கால் பெருமையெல்லாம் சும்மா, நான் வாயை மூடினதுதான் காரணம் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தயங்கினான்.

மறுநாள் காலையில் மேடத்தைத் தேடிப் போனான். கண்ணாடி அறைக்குள் வந்திருந்தவர்களுடன் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் "அப்புறம், அப்புறம்" என்று கையசைத்தார். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. உடை மாற்றும் அறையில் அத்தான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இன்னைக்கு அவங்க கண்ணு முன்னாடியே அந்தக் கடைசி வேகத்துல ஒரு ஓட்டம் காட்டச் சொல்லியிருக்காங்க. முடிஞ்சா இன்னும் ரெண்டு குறைச்சுக்கூடப் பார்க்கலாம்டா. என் கால் தாங்கும்."

"அத்தான்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. லேஸை நல்லா கட்டுங்க."

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டான். இன்று பேசிக்கொண்டே இழுத்துப் பார்த்துவிடலாம். கோடு தாண்டாவிட்டால் எல்லாம் வீண் பயம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தாண்டினால் டேப்பே சொல்லிவிடும், இவன் வாயால் அத்தானைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. முறைப்படி செய்வதென்றால் வேகத்தை ஏற்றி வைத்துக்கொண்டு முதலிலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வான். ஆனால் ஏன் முதலிலிருந்து என்று கேட்பார்களே. அதனால் படியே வேண்டாம் என்று நேராகக் கடைசிப் படியில் கொண்டுபோய் அவரை நிறுத்தினான்.

தவளை ஓடத் தொடங்கியது. கோடு மூக்குக்கு நேராக, வெள்ளை வெளேரென்று வந்துகொண்டிருந்தது. ரேடியோ ஆரம்பித்தான்.

"அத்தான், நம்ம பெயின்டர் அண்ணன் என்ன பண்ணினார் தெரியுமா? வால்ல நம்பர் எழுதுங்கன்னா, ஏணி போடச் சோம்பல் பட்டுக்கிட்டு மேலேர்ந்து தலைகீழா தொங்கிக்கிட்டே எழுதியிருக்கார். இறங்கி வந்து பார்த்தா ஆறு எல்லாம் ஒன்பதா நிக்குது! அவரு பயந்துபோய், மேடம் வந்து கேட்டா..."

"கேட்டா?" என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே.

"கேட்டா, விமானந்தான் தலைகீழா நிக்குதுன்னு..." என்று சொல்லிக்கொண்டே ரேடியோ இடது லீவரை இழுத்தான்.

முகத்திலிருந்து சிரிப்பு போவதற்குள் கோடு வலப்பக்கம் ஓடி மறைந்துவிட்டது. அத்தான் வலது காலால் ஓங்கி மிதித்தார். சுக்கான் முழுசாகத் திரும்பியும் மூக்கு வரவில்லை. கோட்டை விட்டு ரொம்ப விலகினால் மற்ற எஞ்சினையும் உடனே அடைக்க வேண்டியது ரேடியோவின் பொறுப்பு. கையும் லீவர் மேலேதான் இருந்தது. அத்தான் பிடித்துவிடுவார், இதோ பிடித்துவிடுவார் என்று காத்திருந்தான். அடைத்தபோது ஓரத்துப் புல் சக்கரத்துக்கடியில் வந்துவிட்டது. இடது சக்கரம் இளகிய மண்ணில் புதைந்து, கால் மடிந்து, புரொப்பல்லர் தரையில் அடித்தது. முன்பக்கத் தரை நசுங்கி மேலே வந்தது. அத்தான் அப்போதும் மிதித்தபடியே இருந்தார். அந்தக் கால்தான் உள்ளே சிக்கியது.

ரேடியோவுக்கு நெற்றியில் ஒரு கீறல். அதற்கும் பிளாஸ்திரி ஒட்டினார்கள், வெட்கக்கேடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கணுக்கால் எலும்பு பொடிந்துவிட்டது, சேர்த்துக் கட்டினால் கம்பு ஊன்றி நடக்கலாம். விமானம்? டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா அந்த வராண்டாச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரேடியோ கிட்டே போகவில்லை.

அன்று சாயங்காலமே மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மீன் துண்டு, வாய் நின்றது, பேசிக்கொண்டே இழுத்தது, எல்லாம். அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

"இதைக் காலையில சொல்லியிருந்தா என்னப்பா?" என்றார். "யார் கையும் படாம, யாருக்கும் தெரியாத நேரத்துல தானா எஞ்சினை அடைக்கிற மாதிரி ஒரு பெட்டி பண்ணியிருப்போம். ரெண்டு நாள் வேலை. வேகத்தை ஏத்திக்கிட்டு மறுபடி முதல்லேர்ந்து இறங்கியிருப்போம். வந்தவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன், அதுல என் தலையா போயிடும்?"

"தாங்கும்னு நெனச்சேன் மேடம்."

"ம்" என்றார் அவர்.

தாங்கும்னு நெனச்சேன். இதையே அவன் விசாரணையில் சொன்னான், அக்காவிடம் சொன்னான், அத்தானுடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டே சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. அத்தான் மருந்து மயக்கத்தில் அவன் கையைத் தட்டிக்கொடுத்து "விடுடா மாப்ள" என்றார். அக்காதான் கொஞ்சநாள் பித்துப் பிடித்தவளைப் போலத் திரிந்தாள். நான் விளையாட்டாகச் சொன்னதுதானே இவ்வளவுக்கும் காரணம் என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு அவள் யாரையும் கேலி செய்வதில்லை.

தவளை செத்துப்போகவில்லை. மேடம் வாலை மறுபடி வரைந்தார். நிமிர்ந்து நிற்கிற பாகத்தை உயர்த்தி, சுக்கானை அகலமாக்கினார். பின்பக்கம் கனம் கூடியது, அதைச் சரிக்கட்ட வேறெங்கெங்கோ வெட்டினார். ஹேங்கருக்கு ஒரு பெட்டி வந்தது, அது எப்போது எஞ்சினை அடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தடவை கிடைத்த எண் கொஞ்சம் பெரியதுதான். அந்த மருத்துவ அமைப்பு முதலில் கேட்டதில் பாதிதான் வாங்கியது. ஆனால் வாங்கியது. ஓட்டிப் பார்த்தவன், கம்பெனியில் முன்பிருந்தே அத்தானுக்கு அடுத்த பைலட்டாக இருந்த, மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிறவன். அவன் மீசையைத் தவிர எல்லாவற்றிலும் சாதாரணமானவன், நல்ல பையன், வீட்டில் கைக்குழந்தை.

புது வாலோடு தவளை முதன்முதலாக எழும்பிய நாளில் அத்தானைக் காரில் ஏற்றிக்கொண்டு ரேடியோ ஓடுபாதை ஓரத்துக்குப் போனான். வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினார்கள். கம்பு பின் இருக்கையில் கிடந்தது. தவளை ஓடி வந்தது, எம்பியது, பெரிய வாலைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனது. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அத்தானுடைய இடது கை, அங்கே இல்லாத ஒரு பிடியைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தது. ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லா ஏறுது" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். மேடம் கெட்டிக்காரங்க."

தவளை கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு அத்தான் சாதாரணமாகத்தான் கேட்டார். "மாப்ள, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். அன்னைக்கு என் கால்மேல சந்தேகம் வந்துச்சு, சரி. மீசையை உக்கார வெச்சு இழுத்திருக்கலாமே? அவன் உன்கூட ஒருநாள்கூட வண்டியில ஏறினதில்ல. நீ பேசினா என்ன, பேசலன்னா என்ன, அவன் காலுக்குத் தெரியாது. சோதனைன்னா அதுதானே சரியான சோதனை?"

"ஐயோ, அவன்னா செத்திருப்பான் அத்தான்."

யோசித்துச் சொன்னதல்ல. கேள்வி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக வெறும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தாங்காதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"அப்படி இல்ல அத்தான். நீங்கன்னா எப்படியும் பிடிச்சிடுவீங்கன்னு... உங்களை மாதிரி ஓட்ட யாரு இருக்கா? உங்க மேல இருந்த நம்பிக்கையிலதான்..."

"நம்பியிருந்தா சொல்லியிருப்ப."

ரேடியோ இருக்கையில் அவர் பக்கம் திரும்பினான். அவர் கையைப் பிடிக்கப் பார்த்தான். அத்தான் கையை உதறவில்லை, மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோபம் இருந்தால் திட்டியிருப்பார், திட்டினால் அழுது காலில் விழுந்திருக்கலாம். அவர் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது அந்த முகம்.

"இதை உங்க அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். "என்னமோ தெரியாம நடந்துபோச்சுன்னு நெனச்சுத்தான் அவ மனசைத் தேத்திக்கிட்டிருக்கா. எனக்கு என்ன, நான் ஓட்டின வண்டியில நூறு பேரு பக்கத்துல உக்கார்ந்திருக்காங்க. அவளுக்குத் தம்பின்னு இருக்கறது நீ ஒருத்தன். வண்டியை எடு."

வீட்டு வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். "பறந்துச்சா? நல்லா பறந்துச்சா?" என்று ஓடி வந்தாள். "அருமையா பறந்துச்சு" என்று சொல்லிவிட்டு அத்தான் கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். ரேடியோ காரிலிருந்து இறங்கி அங்கேயே நின்றான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கிட்டே வந்து அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இன்னும் அதையே நெனச்சு உருகாதடா" என்றாள். "நீ என்ன தெரிஞ்சா பண்ணின?"

உள்ளே கம்புச் சத்தம் நின்றது.

"இல்லக்கா" என்றான்.